கேஸ் பேப்பரில் என் பெயர்

தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. காலை பத்து இருபது. அணையைத் திறந்துவிட்டார்கள். "பாணி ஆலம்! பளா!" மேட்டிலிருந்து மராத்தியில் கத்துகிறார்கள். தண்ணீர் வருகிறது, ஓடுங்கள். குடிசைத் தகரங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மல்லிகாவால் ஓட முடியாது. ஒன்பதாம் மாதம். பனிக்குடம் உடைந்துவிட்டது. நான் அவள் இடுப்பைப் பிடித்திருக்கிறேன். அவள் புருஷன் முருகன், என் கொழுந்தன், முன்னால் காலால் தரையைத் தேடிக்கொண்டு நடக்கிறான். என் ரவிக்கைக்குள் பாலிதீன் பை. அதில் ஆஸ்பத்திரி கேஸ் பேப்பர்.

ஏரவாடா ஆற்றோரம். தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆகஸ்ட்.

அந்தக் காகிதத்தில் இருந்தது என் பெயர். செல்வி, வயது இருபத்தெட்டு, உயிருடன் குழந்தைகள் இரண்டு. பிரசவத்துக்குப் பதிய ரேஷன் கார்டு கேட்பார்கள். மல்லிகா கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வந்து எட்டு மாதம். கார்டு கிடையாது. கார்டு இல்லாதவள் கார்டு உள்ளவள் பெயரில் பெற்றுக்கொள்வாள். எங்கள் சந்தில் அது வழக்கம். யாரும் அதைப் பொய்யாக நினைக்கவில்லை. பதிந்த அன்று மல்லிகா சிரித்தாள். "பேரு மட்டும் போதும்க்கா. உங்க வீட்டுக்காரரை நீங்களே வச்சுக்கங்க."

அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ஊரில் இரண்டு முறை கரு கலைந்தது. இதுவாவது நிலைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி. பதினொன்று ஐம்பது. மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் தடதடக்கிறது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். எத்தனை குழந்தை என்று நர்ஸ் இந்தியில் கேட்டாள். மல்லிகா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். இரண்டு. கார்டு இல்லாத கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பியதை முந்தின மாதம் அதே வாசலில் பார்த்திருந்தேன். நர்ஸ் மூன்று தாள் நீட்டினாள். எல்லாம் மராத்தி. முருகன் என் வீட்டுக்காரர் பெயரில் மூன்றிலும் கைநாட்டு வைத்தான். மூன்றாவது தாள் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

ஆண் குழந்தை. அழுதது.

மூன்றாம் நாள், மற்றவர்களுக்குக் கட்டில் வேண்டும் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம். ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம். ஈரத் தரை. பெண்களுக்கு ஒரு கக்கூஸ், தாழ்ப்பாள் இல்லை. தீட்டுத் துணி காயவைக்க இடமில்லை. ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. உடம்பு சில்லிட்டது. மதியம் இரண்டேகால். மூச்சு இல்லை.

எட்டாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். நர்ஸ் கெட்டவள் இல்லை. ஆறுதலாகத்தான் பேசினாள். மூன்றாவதுதானே போனது, இரண்டு இருக்கிறதே என்றாள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்தே செய்தாகிவிட்டது, இனி உனக்குப் பிள்ளைத் தொல்லை இல்லை என்றாள். மல்லிகாவுக்கு இந்தி அரைகுறை. என்னைப் பார்க்கிறாள். தமிழில் நான்தான் சொல்ல வேண்டும்.

சொன்னேன்.

அவள் அழவில்லை. "அக்கா, இப்பவாவது எம்பேரைச் சொல்லுங்க."

அதையும் சொன்னேன். நர்ஸ் பேனாவை மூடினாள். பெயர் மாற்றிப் பதிந்தது போலீஸ் கேஸ், உள்ளே போவது நீங்கள்தான் என்றாள். எழுந்து வந்துவிட்டோம்.

போனவை. எங்கள் சந்தில் குடிசை பதினான்கு. தையல் மெஷின் ஒன்று. கால் ஊனமான கணேசன், வயது நாற்பது, தண்ணீரில். குழந்தை ஒன்று, ஆண், ஐந்து நாள், பெயர் வைக்கவில்லை. மல்லிகாவுக்கு இனி பிறந்திருக்கக்கூடியவை, எத்தனை என்று தெரியாது. பதிவேட்டில் அறுவை செல்விக்கு. இறந்தது செல்வியின் மகன். மல்லிகா என்று ஒருத்தி அங்கே பிள்ளை பெறவே இல்லை.