மாப்பிள்ளையின் ஈரல்

கல்லீரல் வலது பக்கம் இருக்கிறதா, இடது பக்கமா என்று எனக்கு இன்றும் சந்தேகம் வரும். ஈரலைக் காக்கும் மாத்திரை விற்கிறவனுக்கு இது அழகில்லைதான். யாராவது கேட்டால் பொதுவாக வயிற்றைத் தடவிக் காட்டிவிடுவேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை, ஐயா.

அதற்கு முன் செருப்புக் கடை வைத்தேன், ஜெராக்ஸ் மிஷின் போட்டேன். தொட்டது எதுவும் துலங்கவில்லை. கடைசியில் வீட்டின் பின்னறையில் ஒரு கைமிஷினை வைத்து மாத்திரை அழுத்த ஆரம்பித்தேன். ஏதோ செடியின் விதைப்பொடி, கொஞ்சம் மஞ்சள், நிறத்துக்கு பீட்ரூட் பொடி. சாப்பிட்டால் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை. அந்த வகையில் அது என்னைப் போலத்தான்.

அப்போதுதான் தங்கையின் கணவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. பள்ளி வேன் ஓட்டுகிறவர். காசநோய் மாத்திரை சிலருக்கு ஈரலைப் பாதிக்கும், அதனால் அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு வாய் சும்மா இருக்குமா? என் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுகிற மாப்பிள்ளையின் ஈரலை எதுவும் தொடாது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

முதல் சோதனையிலேயே மானம் போனது. "ஈரல் அளவு லேசா ஏறியிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் தங்கை சிரித்தாள்.

"உன் மாத்திரை நம்ம வீட்டுலயே வேலை செய்யல. ஊருக்கு எப்படிண்ணே செய்யும்?"

நானும் சிரித்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தங்கைக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அதனால் மாப்பிள்ளையின் மாத்திரைகளைக் கிழமை போட்ட டப்பாவில் பிரித்து வைப்பது என் பொறுப்பு. ஆஸ்பத்திரி மாத்திரை செங்கல் நிறம். என் மிஷினிலும் அதே நிறத்தில், அதே அளவில் அழுத்த முடிந்தது. அவற்றை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். அடுத்த ரத்தச் சோதனை வரைக்கும்தான் என்று நினைத்தேன்.

சோதனையில் ஈரல் பழைய நிலைக்கு வந்திருந்தது. "டாக்டரே அசந்துட்டார் மச்சான். உங்க கை ராசி" என்று மாப்பிள்ளை என் கடை வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். கூட்டம் வந்தது. அதன் பிறகு ஆஸ்பத்திரி மாத்திரையை எப்படித் திரும்ப வைப்பது? மறுபடி ஈரல் அளவு ஏறினால் நான் பொய்யனாகிவிடுவேன் அல்லவா?

அந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். வீட்டுக்கு வந்த நர்ஸ் அதைத்தான் கேட்டார். "கலர் மாறுதா?" "மாறுது சிஸ்டர்" என்றார் மாப்பிள்ளை, உண்மையாகவே. பீட்ரூட்டைக் கொஞ்சம் தாராளமாகவே கூட்டியிருந்தேன்.

பிறகு சளிச் சோதனை. அவர் அலைய வேண்டாம் என்று சளி டப்பாவை நானே கொண்டுபோனேன். அதற்குள் இருந்தது என் சளி. வாழ்க்கையில் நான் தேறிய ஒரே பரீட்சை அது. சளி சுத்தம் என்று வந்ததால் அவரை மறுபடி வேன் ஓட்ட அனுமதித்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோதிக்கிறார்களாம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு மாதக்கணக்கில் ஓடியது என்றால் நான் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"இருமல் நிக்கவே இல்லையே மச்சான்" என்றார் ஒருநாள்.

"ஈரல் சுத்தமாகும்போது அப்படித்தான் மாப்பிள்ளை. அழுக்கெல்லாம் வெளிய வருது."

அவர் நம்பினார். சட்டை தோளில் தொங்கியது, படி ஏற முடியவில்லை, அப்போதும் நம்பினார். ஒருநாள் இருமியபோது துண்டில் ரத்தம் இருந்தது. அதைத் தங்கையின் கண்ணில் படாமல் மடித்து என்னிடம் கொடுத்தார். "அவகிட்ட சொல்லாதீங்க. உங்க மாத்திரைக்குப் பேர் கெட்டுடும்" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். துண்டை வாங்கித் துவைத்துக் காய வைத்தேன். டப்பாவில் அடுத்த வாரத்துக்கும் என் மாத்திரையைத்தான் நிரப்பினேன்.

தங்கை அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நுரையீரலில் மிச்சமில்லை. அவர் செத்ததற்கு நான்தான் காரணம். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் நுரையீரலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். ஆனால் கல்லீரல் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது என்றும் ஒரு பக்கத்தில் இருக்கிறதாமே. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல் கிடைக்குமா? தங்கையிடம் காட்ட வேண்டும். அவருக்காக நான் எதுவுமே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.