வெள்ளைக் குஞ்சுகள் இரண்டு

கோழி வளர்க்கப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம் ஐயா, பொறுமை இருந்தால் போதும். எனக்குப் பொறுமை உண்டு. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் கறுப்புக் கோழி நேர்ந்துகொண்டவர்கள் செஞ்சியில் இறங்கினால், நேராக இந்த ராஜாங்கம் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒரு வெள்ளை இறகைக் காட்டினால் கோழி இனாம் என்று சொல்லித்தான் கொடுப்பேன். அந்தப் பேர்தான் எனக்கு இருந்த ஒரே சொத்து.

அடைக்கோழியை வாரத்துக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. இந்த அறுபத்தாறாம் வருஷம் மாசியில், பக்கத்துக் கூரைவீட்டு அம்மாக்கண்ணுவிடம் ஒரு பெட்டையையும் பன்னிரண்டு முட்டையையும் கொடுத்தேன். பத்து பொரித்தன. எட்டு கறுப்பு, இரண்டு வெள்ளை.

அவள் மறைக்கவில்லை. கூடையோடு தெருவழியே தூக்கிக்கொண்டு வந்தாள். "இன்னாண்ணே இது, காக்கா கூட்டுல கொக்கு பொறந்திருக்குது" என்று சிரித்தாள். தெருவே கூடிவிட்டது. "முட்டைய மாத்திட்டியா அம்மாக்கண்ணு?" என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்புச் சேவலுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் வெள்ளைக் குஞ்சு பிறக்கும். பாட்டன் பூட்டன் நிறம் இரண்டின் ரத்தத்திலும் ஒளிந்திருந்து, சேரும்போது எப்போதாவது தலைகாட்டும். என் வீட்டிலும் பொரித்ததுண்டு. யார் கண்ணிலும் படுமுன் கழுத்தைத் திருகி எருக்குழியில் புதைத்துவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான். அவள் எதையும் மாற்றவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

சத்தியம் வரைக்கும் போகுமென்று நான் நினைக்கவில்லை. அமாவாசை பஸ்ஸில் ஊர்ப் பெரியவர்களோடு மலையனூர் போனோம். அவள் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் மாத்தியிருந்தா என் கூரை பத்திக்கினு எரியட்டும்" என்றாள். பொய்ச் சத்தியமானால் ஒரு மண்டலத்துக்குள் தெரிந்துவிடும், அதுவரை கோழியும் குஞ்சும் அவளிடமே இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

முப்பது நாள் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. கோழி வாங்க வந்தவர் எதிரிலேயே எங்கள் தெருத் தாண்டவராயன், "அப்ப உன் கோழிதான் கலப்படம்னு ஆவுது" என்றான். வந்தவர் வெறுங்கையோடு போனார். அம்மன் ஏனோ தாமதம் செய்தாள். நான் கொஞ்சம் கைகொடுத்தேன், அவ்வளவுதான்.

நாற்பத்தோராம் நாள் பகல். அம்மாக்கண்ணுவும் அவள் புருஷன் செல்லப்பனும் கொல்லைக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போயிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன். சித்திரை வெயிலில் காய்ந்த ஓலை, ஒரு தீக்குச்சி போதும். அவர்கள் மகள் நீலாவதி, ஏழு வயசு, ஜுரமென்று உள்ளே படுத்திருந்திருக்கிறாள். தண்ணீர் இறைத்து ஊற்றியவர்களில் நானும் ஒருவன். என் கை கொப்பளித்துவிட்டது, பிள்ளையைத்தான் உயிரோடு மீட்க முடியவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகை பொய்யில்லை ஐயா.

எட்டுக் கறுப்புக் குஞ்சுகளும் தாயோடு வேலிப் புதரில் உயிரோடு இருந்தன. வெள்ளை இரண்டும் கருகிக் கிடந்தன. அதைப் பார்த்த ஊர், அம்மன் தீர்ப்பு சொல்லிவிட்டாள் என்றது. கோழிக்கு மறுபடி ஆள் வரத் தொடங்கியது.

நேற்று அம்மாக்கண்ணு வந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான்தான் எங்கியோ தெரியாம கலந்துட்டிருக்கணும்ணே, மன்னிச்சிடு" என்று காலில் விழுந்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

குஞ்சுகள் எப்படிப் புதருக்குப் போயின என்று கேட்கிறீர்கள். நல்ல ஜாதிக் குஞ்சுகள், வீணாக்க மனசு வரவில்லை. உள்ளே போய்த் தாயையும் எட்டையும் கூடையில் எடுத்தேன். பாயில் கிடந்தவள் கண் விழித்து, "வெள்ளைய வுட்டுட்டியே மாமா" என்றாள். "நீ தூங்கு கண்ணு" என்று சொல்லி, வெளியே வந்து வாசல் படலை இழுத்துக் கட்டினேன்.