வாய்மூடிக் கிணறு

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன புதுசு. கரிசக்காட்டுல நெடுங்கரடுன்னு ஒரு ஊரு. அந்த ஊர்க் கீழத்தெருவுல உலகாத்தான்னு புருசனில்லாதவ ஒருத்தி இருந்தாளாம்.

மேலத்தெருவுக்குக் கிணறு உண்டு. கீழத்தெருவுக்கு ஊருணிதான். மாடு இறங்குறதும் அதுல, மனுசன் குடிக்கிறதும் அதுல. கோடை வந்தா பேதி வரும். பேதி வந்தா பிள்ளைக போகும்.

அந்த வருசம் ஊருக்குப் பிரசிடெண்டு தேர்தல். பழைய பிரசிடெண்டு பெரியவீட்டுச் சங்கரலிங்கம் ஒரு பக்கம். "ஜெயிச்சா முதல் வேலை கீழத்தெருவுக்குக் கிணறு"ன்னு கீழத்தெருக் கொப்பையா மறுபக்கம். அப்போ சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. சாவடியில கூடி, அதிகாரி முன்னால கை தூக்கணும். சமமா வந்தா பழைய ஆளே இருப்பாருன்னு பேச்சு.

தேர்தலன்னைக்கு விடியக்காலம், உலகாத்தாளோட நாலு வயசு மக பூச்செண்டு பேதியில போயிட்டாளாம். மாமியா வாயெடுத்து அழப்போனா. உலகாத்தா அந்த வாயைப் பொத்தினாளாம்.

"அத்தே, சத்தம் காட்டாதீக. சாவு விழுந்த வீட்டாளு சாவடி மிதிக்கக் கூடாதும்பாக. ஒரு கை கொறைஞ்சிரும்."

"அடி பாவி! அழுகை கேக்காத உசுருக்குப் போற வழி தெரியாதுடி!"

"தெரியாம இங்கனயே நிக்கட்டும். நான் வந்துருதேன்."

பிள்ளை மேல சேலையைப் போத்தினா. முகத்தைக் கழுவினா. போனா.

சாவடி வாசல்ல சங்கரலிங்கத்து ஆளு ஒருத்தன் கேட்டானாம்: "என்ன உலகாத்தா, பிள்ளைக்குச் சொகமில்லைன்னாக?"

"தூங்குதா."

"வெயிலு ஏறியுமா?"

"ராவெல்லாம் தூங்கல. இப்பத்தான் தூங்குதா."

சங்கரலிங்கத்துக்கு எண்ணினாங்க. தொண்ணூத்தி மூணு. கொப்பையாவுக்கு எண்ணினாங்க. தொண்ணூத்தி நாலு. "இன்னொருக்கா எண்ணுங்க"ன்னு மேலத்தெரு கத்துச்சு. எண்ணி முடிக்கிற வரைக்கும் கையை இறக்கக் கூடாது. மூணு தரம் எண்ணினாங்களாம். மூணு தரமும் தொண்ணூத்தி நாலு. உலகாத்தா ஒரு கையை இன்னொரு கையால தாங்கிக்கிட்டு நின்னாளாம்.

கொட்டு முழங்குச்சு. கொப்பையாவுக்கு மாலை விழுந்துச்சு. உலகாத்தா தன் வீட்டு வாசப்படி மிதிச்சா, அப்புறந்தான் வாய் திறந்தா. அந்தச் சத்தத்துல கொட்டு நின்னு போச்சாம்.

"தீட்டுக் கை செல்லாது!"ன்னு மேலத்தெரு ஓடியாந்துச்சு.

"சட்டத்துல தீட்டு இல்லய்யா. எழுதியாச்சு"ன்னுட்டாரு அதிகாரி.

ஆனா சொந்தத் தெரு அப்படி விடல. "பெத்ததைப் பிணமாப் போட்டுட்டுக் கை தூக்க வந்தவ ஒரு தாயா?" இதை முதல்ல கேட்டது கொப்பையா பொஞ்சாதிதானாம். வாய்மூடின்னு பேரும் வச்சாக.

கிணறு வெட்டினாங்க. நாப்பதடியில நல்ல தண்ணி. பேதி அதோட நின்னுச்சு. உலகாத்தா குடத்தோட வந்தா மட்டும், மத்தவளுக கயித்தை விட்டுட்டு விலகிப் போவாளுகளாம். ரெண்டு நாள் பார்த்தா. அப்புறம் சாகுற வரைக்கும் ஊருணித் தண்ணியவே குடிச்சாளாம்.

அவ போன பெறகு யாருக்கு உறுத்துச்சோ, வைய வச்ச பேரு கிணத்துக்கு நின்னுருச்சு. இன்னைக்கும் நெடுங்கரட்டுல ஓட்டு நாளன்னைக்குச் சாவு விழுந்தா ஒருத்தரும் அழமாட்டாக. வீட்டாளுக எல்லாரும் போய் ஓட்டைப் போட்டுட்டு, மை காயாத விரலோட வந்துதான் மாரடிச்சு அழுவாகளாம்.