அழுகை வந்தால் பாத்திரம்

காலை ரயில் கோலார் தங்கவயலின் ஊரிகம் நிலையத்தை விட்டுக் கிளம்பியதும், எதிரே இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "எனக்கு அழுகை வந்தா, நேரா பக்கத்து வீட்டு அக்காவோட பாத்திரத்தைக் கழுவப் போயிடுவேன்."

இருவரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். கண்ணை மூடியிருந்த நான் காதைத் திறந்துகொண்டேன்.

"இன்னாடி சொல்றே? உன் கல்யாணம் நின்னப்ப, நீ ராசியில்லாதவன்னு லைன் வீட்டு வரிசை பூரா சொன்னது அவங்கதானே?"

"அவங்களேதான். இப்ப கை உடைஞ்சு கட்டு போட்டிருக்காங்க."

"நல்லா வேணும்னு விட்டுட வேண்டியதுதானே?"

"விட்டுத்தான் பார்த்தேன். வேலை முடிஞ்சு வந்து படுத்தா, ராசியில்லாதவ, ராசியில்லாதவன்னு மண்டைக்குள்ள அவங்க குரலே ஓடும். போகப் போக அது என் குரலாவே ஆயிடுச்சு. ஒரு நாள் தாங்க முடியல. எழுந்து போயி அவங்க வீட்ல கிடந்த பாத்திரமெல்லாம் கழுவிட்டேன். கழுவி முடிக்கிற வரைக்கும் மண்டை சும்மா இருந்துச்சு."

"மன்னிப்பு கேட்டாங்களா?"

"இல்ல. குழம்பு சட்டி சரியா தேய்க்கலன்னாங்க."

தோழி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

"சொரணை இல்லாதவன்னு ஊர் பேசும்டி," என்றாள் தோழி.

"பேசட்டும். அவங்க சொன்னதை நம்பிக்கினு மூலையில உக்காருவேன்னு பார்த்தாங்க. உக்கார மாட்டேன். நான் எப்படிப்பட்டவன்னு நான்தான் சொல்லணும். இன்னிக்கு சாயங்காலமும் போவேன்."

"அவங்க கை சரியாயிட்டா இன்னா பண்ணுவே?"

"அதுக்குள்ள என் மண்டையும் சரியாயிடும். ஆகலன்னா உன் வீட்டுக்கு வரேன், சட்டியெல்லாம் எடுத்து வை."