இரண்டாவது பிரேக்

மேடையில் இருக்கும் பயிற்றுநர் சங்கத் தலைவர் அவர்களே, நாற்காலி போதாமல் பயிற்சிக் கார்களில் சாய்ந்து நிற்கும் மாணவர்களே, இன்று நாம் அஞ்சலி செலுத்தும் நம் மாஸ்டரின் மனைவியே, முன்வரிசையில் அவர் பக்கத்தில் இருக்கும் மனைவியின் தம்பியே, வணக்கம்.

இந்த ஓட்டுநர் பள்ளியை என் கணவர் என்னிடம் விட்டுப்போனபோது, இந்த மனிதரையும் சேர்த்தே விட்டுப்போனார். நீங்கள் அவரை ‘இடைவெளி மாஸ்டர்’ என்றீர்கள். ஆசிரியருக்குப் பட்டப்பெயரா என்று நான் கண்டித்தேன். அவரோ அதைத் தன் காரின் கதவிலேயே எழுதிக்கொண்டார்.

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும், “நானும் வீட்டுக்குப் போகணும், அவனும் வீட்டுக்குப் போகணும்” என்று நிதானமாகச் சொல்லச் சொல்வார். முடிப்பதற்குள் நாம் கம்பத்தை எட்டிவிட்டால் நெருங்கிவிட்டோம். மழையென்றால் இரண்டு முறை சொல்ல வேண்டும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி எவ்வளவு ஓடிவிடும் என்பதை இதைவிட எளிதாக யார் சொன்னார்கள்?

“இடைவெளி விட்டா எவனாவது நுழைஞ்சிடுறானே, மாஸ்டர்?”

“நுழையட்டும். நீங்க இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க. ஒரு வண்டி நீளம் போனா மானம் போயிடாது.”

பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கடைசி வகுப்பில் அதிலிருந்து காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். “இனி உங்க கால்தான்” என்பார். வேறு சான்றிதழ் எதற்கு?

போன வாரம் தூறலில், மைத்துனர் ஓட்ட, அவருடைய சொந்தக் காரில் மாஸ்டர் போயிருக்கிறார். முன்னால் லாரி.

“தம்பி, கொஞ்சம் பின்னாடி வா.”

“பாடத்தை வகுப்புல வெச்சுக்குங்க, மச்சான்.”

இருவரும் சிரித்திருக்கிறார்கள். லாரி நின்றுவிட்டது. மாஸ்டரின் கால் பாய்ந்து அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. அது சாதாரணக் கார்.

அந்தக் காரின் தரைவிரிப்பில் அவர் குதிகால் பதிந்த பள்ளத்தை நான் பார்த்தேன். எத்தனை பேரைக் காத்த கால் அது? அன்று ஏன் வெறும் தரையை மிதிக்க நேர்ந்தது? என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. நினைக்கும்போதெல்லாம் என் காலும் தரையை அழுத்துகிறது.

இதையெல்லாம் மைத்துனரேதான் மருத்துவமனையில் என்னிடம் சொன்னார். “மேடையிலேயே சொல்லிடுங்கம்மா. நான் இனிமே ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்” என்றார்.

தம்பி, சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் இரண்டாவது பேச்சை ஏற்க மாட்டேன். நீங்கள் சரக்கு வண்டி ஓட்டித்தான் உங்கள் வீடு நடக்கிறது. இனி உங்கள் அக்கா வீடும் அதில்தான் நடக்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டால் இரண்டு அடுப்பையும் யார் பார்ப்பது?

மைதானத்தில் தண்ணீர் தெளித்து மாஸ்டர் நடத்திய ஈரத்தரை வகுப்பு நிற்காது. இது இந்தப் பள்ளியின் வாக்கு. பயிற்றுநர் உரிமம் எனக்கும் இருக்கிறது. இதுவரை காலாவதியாக விட்டதில்லை. நெற்றிக் கட்டைப் பிரித்ததும் முதல் மாணவராக நீங்கள் வாருங்கள். கம்பத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். இரண்டாவது பிரேக்கில் என் கால் இருக்கும்.

நான் அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் நாளில், உங்கள் அக்காவைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொள்ளலாம்.