இரண்டு பேர் மடிக்கும் விரிப்பு

வலது தோளைத் தூக்க முடியவில்லை, டீச்சர். அதனால்தான் நீங்கள் வந்தபோது எழுந்து நாற்காலி போடவில்லை. மரியாதை தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரத்துணி சுமக்கிறவர்களுக்கு வருகிற வலிதான் இது. சலவை நிலையத்தில் சேருகிறவளுக்கு முதலில் தோள் போகும், அப்புறம் இடுப்பு, கடைசியில் கோபமும் போய்விடும். கோபம் போனபிறகு வேலை சுலபம்.

கேட்டீர்கள், சொல்கிறேன். தங்கை கடைக்குப் போயிருக்கிறாள். கண் அப்படி, மெதுவாகத்தான் நடந்து வருவாள்.

தேர்வுக்குப் படித்த ஆங்கிலச் சொற்களை அவளிடம் வாயாலேயே கேட்டுப் பார்த்தீர்களாம். அவள் சொன்ன தப்பான பதில் ஒவ்வொன்றும் இன்னொரு சொல்லுக்குச் சரியான பதிலாக இருந்ததாம். மறந்துபோகிற பிள்ளை இப்படித் தப்புப் பண்ணாது, இப்படித்தான் என்று யாரோ சொல்லிக்கொடுத்த பிள்ளைதான் பண்ணும் என்றீர்கள். சொல்லிக்கொடுத்தது நான்தான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் விடுதிகளுக்கும் போகிற படுக்கை விரிப்புகள் எங்களிடம் வரும். பெரிய விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்கவேண்டும். ஒரு உதறு. பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். பழகிய ஜோடி பேசிக்கொள்ளத் தேவையில்லை. ஒருத்தி மூச்சு இழுப்பதைப் பார்த்தே மற்றவள் உதறிவிடுவாள். அம்மா போன பிறகு, பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் இந்த வேலைக்கு வந்துவிட்டேன், சின்னவள் படிக்கட்டும் என்று. அவளும் கல்லூரி விட்டதும் நேராக அங்கே வந்து என் எதிரில் நிற்பாள்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் வெளுப்பு மருந்து அவள் கண்ணில் தெறித்தது. அதிலிருந்து அவளுக்குப் பெரிய எழுத்துதான் தெரியும். பொடி எழுத்து கொஞ்ச நேரத்திலேயே கலங்கிப் போகும். வெளிநாட்டுப் படிப்புக்கான அந்தத் தேர்வைக் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கி எழுதலாம் என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். தேறினால் அங்கேயே தங்கிப் படிக்கலாம், செலவெல்லாம் அவர்களே பார்ப்பார்கள் என்றீர்கள். கணக்கும் வாக்கிய அமைப்பும் வகுப்பில் நீங்கள் நடத்தினீர்கள். சொற்களை மட்டும் வீட்டில் மனப்பாடம் செய்யச் சொல்லி அந்தத் தடிப் புத்தகத்தைக் கொடுத்தீர்கள். பொடி எழுத்து. வாசித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எங்கள் போன் பொத்தான் போன். மணி அடிக்கும், பேசலாம், அவ்வளவுதான்; புத்தகம் வாசித்துக் காட்டாது.

அதனால் மடிக்கும்போதே படித்தோம். மேசைமேல் புத்தகம் விரிந்திருக்கும். உதறும்போது நான் சொல்லைச் சொல்வேன், முனை சேரும்போது அவள் பொருளைச் சொல்வாள். புதுச் சொல் என்றால் இரண்டையும் நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். பாய்லர்காரர் எட்டிப் பார்த்துக் கிண்டல் பண்ணுவார்.

"ஏம்மா, வெள்ளைத் துணியத் தொவைக்கிறது பத்தாதுன்னு வெள்ளைக்காரன் பாஷையவும் சேத்துத் தொவைக்கிறீங்களா?"

"சாயம் போகுதான்னு பாக்குறோம் அண்ணே," என்பாள் சின்னவள். "உங்களுக்கும் ரெண்டு வார்த்தை கட்டித் தரவா?"

"எனக்கெதுக்கு. என் பொண்டாட்டி திட்டுறது தமிழ்லயே நல்லாப் புரியுது."

அவள் சிரிப்பாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

முதல் தப்பு நான் வேண்டுமென்று செய்ததல்ல. இதை நீங்கள் நம்பவேண்டும். அந்தப் புத்தகத்தில் எதிர்ப்பதங்கள் அடுத்தடுத்த வரியில் இருக்கும். உதறுகிற வேகத்தில் கண் ஒரு வரி நழுவிவிட்டது. 'அப்ஸ்டினேட்' என்றேன். பிடிவாதமான என்பதற்குப் பதில் அடுத்த வரியைப் பார்த்து, சொன்னபடி கேட்கிற என்று சொல்லிவிட்டேன். முனையோடு முனை சேர்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. திருத்த வாயெடுத்தேன். அதற்குள் அவள் திருப்பிச் சொல்லிவிட்டாள். "அப்ஸ்டினேட், சொன்னபடி கேக்குற." துளி சந்தேகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், குழந்தை மருந்து குடிக்கிற மாதிரி. நான் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

அன்றைக்கு அவள் அப்படி நம்பியது மனதுக்கு இதமாக இருந்தது. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பிறகு அரிசியில் கல் கலக்கிற மாதிரிக் கலந்தேன். நிறையக் கலந்தால் பல்லில் தட்டும். சுலபமான சொற்களைத் தொடவே இல்லை. அவை வகுப்பில் வந்தால் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். பின்பக்கத்துக் கடினமான சொற்களில் மட்டும், ஜோடி ஜோடியாக மாற்றினேன். 'டோசைல்' என்றால் பிடிவாதமான என்று சொல்லிவிட்டேன், சொன்னபடி கேட்கிற என்பதுதான் ஏற்கெனவே 'அப்ஸ்டினேட்'டுக்குப் போய்விட்டதே. எதை எதோடு மாற்றினேன் என்று நான் மறக்கக் கூடாது. அடுத்த முறை கேட்கும்போதும் அதே தப்பைத்தான் சரி என்று சொல்லவேண்டும். அதனால் இரண்டு பொருளையும் நான் படித்தேன், சரியானதையும் அவளுக்குக் கொடுத்ததையும். முழுப் புத்தகமும் எனக்கு மனப்பாடம் டீச்சர். அந்தத் தேர்வை நான் எழுதியிருந்தால் தேறியிருப்பேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அரைக்கண்ணோடு போகிற பெண்ணை அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? படியில் தடுக்கினால் யார் பிடிப்பார்கள்? அதைத்தான் நான் நினைத்தேன். அப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் தடவை அவள் தேர்வில் தோற்றபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. போதும், இனி ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்போம் என்று முடிவு பண்ணினேன். செய்தேன். மாற்றிய சொற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். "அக்கா, போன தடவ வேற மாதிரி சொன்னியே?" என்றாள். "நீதான் தப்பாப் புடிச்சுக்கிட்டே குட்டி," என்றேன். உடனே ஒத்துக்கொண்டாள். மளமளவென்று ஏறிவிட்டது அவளுக்கு. நல்ல மூளை. ஒரு நாள் விரிப்பை மடித்துக்கொண்டே, "அக்கா, அங்க குளிருமாமே. உன் ஸ்வெட்டர எடுத்துக்கவா?" என்று கேட்டாள். எடுத்துக்கோ என்றேன். "நான் போயிட்டா நீ யாரோட மடிப்பே?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

மறுநாளிலிருந்து மறுபடி மாற்றினேன். இந்தத் தடவை கண் நழுவவில்லை.

இரண்டாவது தடவையும் தோற்று வந்த அன்று அவள் அழவில்லை. சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, "மன்னிச்சுக்கோக்கா," என்றாள். "உன் தொண்டத் தண்ணி வத்தினதுதான் மிச்சம். என் மண்டையில களிமண்ணு. உன் பொழுதெல்லாம் பாழாக்கிட்டேன்."

"போகுது விடு," என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டது அவள். மன்னித்தது நான். அதை யோசித்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. குழாயை மூடிவிட்டு, "மூடினேன்தானே அக்கா?" என்பாள். இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வாள். கல்லூரியையும் விட்டுவிட்டாள், தலையில் ஏறாத படிப்பு எதற்கு என்று. கிண்டல் பண்ண பாய்லர்காரர் வந்தால், பதில் சொல்லலாமா என்கிற மாதிரி என் முகத்தைப் பார்ப்பாள். அவரும் இப்போது வருவதில்லை. ஒரு விதத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறாள். என்னைக் கேட்காமல் தெருவைக்கூடத் தாண்டமாட்டாள். நாள் முழுக்க என் எதிரில் நிற்கிறாள். நான் மூச்சு இழுத்தால் உதறுகிறாள்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்கவேண்டாம். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஒரு வேளை சோறுகூட அவளுக்குக் குறைந்ததில்லை.

இன்னொரு தடவை எழுதவைக்கலாமா என்று கேட்டீர்கள். அதை எழுதுகிற வயசு வரம்பு அவளுக்குப் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. எனக்குத் தெரியும், கேட்டு வைத்திருந்தேன். அது முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து, அதற்கப்புறம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். முடிந்த பிறகு தினமும் வாயெடுக்கிறேன். ஒரு நாள் அவள் களைத்திருக்கிறாள், ஒரு நாள் நான்.

வாசலில் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள். நீங்கள் சொல்லவேண்டாம் டீச்சர். அது நான் தீர்க்கவேண்டிய கடன். உன் மூளையில் ஒரு குறையும் இல்லை குட்டி, கெடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லவேண்டும். இன்னும் சொல்லவில்லை.