முயல்மேட்டுப் பள்ளம்

எங்கள் ஊர் முயல்களுக்குச் சொந்தமாக வளை தோண்டக்கூடத் துப்பில்லை, ஐயா. கடல் தாண்டி வந்த சொகுசுப் பிராணிகள். நார்ஃபோக்கின் இந்த மணல்காட்டில் அவற்றுக்கென்று தலையணை போல நீள நீளமாக மேடு கட்டி, உள்ளே வளையும் குடைந்து கொடுத்தது நாங்கள்தான். உங்கள் மடத்துக்கு நாங்கள் செய்த ஊழியம் அது.

பதிலுக்கு அவை என் பார்லிப் பயிரை மொட்டையடித்தன. என் வயலில் மேய்ந்தாலும் முயல் மடத்துச் சொத்து, தொடக்கூடாது. என் மகன் ராஃப் வயிற்றெரிச்சலில் ஒன்றைத் தடியால் அடித்துவிட்டான். முயல் காவலன் ஓடோ அவனைப் பிடித்துக் காவல் கோபுரத்து நிலவறையில் தள்ளினான்.

“ரெண்டு நாள் கிடக்கட்டும் ஹாவிஸக்கா, புத்தி வந்துடும்” என்றான். கொட்டும் பனிக்காலம். பிள்ளை விறைத்துக் கட்டையாகத்தான் வெளியே வந்தான்.

அப்புறம் இரக்கப்பட்டு எனக்கு வேலை கொடுத்ததும் ஓடோதான். ஃபெரெட்டுக்கு வாய்க்கட்டு தைக்கும் வேலை. கீரி மாதிரி இருக்குமே, அதுதான். அதை வளைக்குள் விட்டால் முயல்கள் பயந்து வெளியே ஓடிவந்து வலையில் விழும். வாய்க்கட்டு கழன்றால் போச்சு. உள்ளேயே முயலைக் கொன்று, வயிறுமுட்டத் தின்று, அங்கேயே தூங்கிவிடும். காவலன் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

நான் நல்ல நூலால்தான் தைத்தேன். முடிச்சு மட்டும் போடவில்லை.

கோடையில் மணல் பொலபொலவென்று இருந்தது. அன்றைக்கு வலை பிடிக்க நானும் கூடப் போயிருந்தேன். “சனியனே, எங்க போய்ப் படுத்துக் கிடக்கே?” என்று ஃபெரெட்டைத் திட்டியபடி ஓடோ தோண்டிக்கொண்டே தலையை நுழைத்து இடுப்புவரை உள்ளே போனான். மேடு சரிந்தது. நீங்கள் இன்று பார்த்த பள்ளம் அதுதான். கால்கள் இரண்டும் வெளியே உதறிக்கொண்டிருந்தன.

பக்கத்து வளையின் வாயில் காதை வைத்தேன். குரல் கேட்டது.

“அக்கா, ராஃபுக்கு நான் செஞ்சது பாவந்தான். தினமும் நினைச்சு அழுவுறேன். மன்னிச்சுடுங்க. காலைப் பிடிச்சு இழுங்கக்கா.”

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை இழுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டானே. வெளியே வந்தால் ஊரே கூடி, “போனா போகட்டும், மன்னிச்சுடு ஹாவிஸ்” என்று சொல்லும். நானும் மன்னித்துத் தொலைப்பேன். அப்புறம் என் ராஃபுக்கு யார் இருக்கிறார்கள்?

மேட்டின் மேல் ஏறினேன். அந்தக் கால்கள் ஓயும்வரை மிதித்தேன்.